பதில் வைத்தியர்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஓர் ஊரின் வைத்தியர் விடுமுறையிற் செல்கிறார். அல்லது மாற்றலாகிப் போகிறார். அடுத்தவர் இன்னும் வந்து சேரவில்லை. நோயாளரோ வழமைபோல் வாங்கில் வந்து காத்திருக்கின்றனர். அவ்விடைவெளியை நிரப்பச் செல்பவரே பதில் வைத்தியர். ஆங்கிலத்தில் இவரை 'லோக்கம்' என்பர். இடத்தைத் தாங்கி நிற்பவர் எனப் பொருள்படும் இலத்தீன் தொடரின் சுருக்கம் அது. இடம் பிறருடையது, தாங்குவது மட்டுமே நம்முடையது. இத்தொழிலின் தருமம் அப்பெயரிலேயே அடங்கியிருக்கின்றது.

நாம் இவ்வாறு கடற்கரையூரிலும் வன்னிக் கிராமத்திலும் மலையகத் தோட்டத்திலும் கடமை பார்த்தோம். ஓரிடத்தில் இரண்டு வாரம். வேறோரிடத்தில் மூன்று மாதம். எங்கு சென்றாலும் முதல்நாள் நாம் கேட்ட கேள்விகள் சிலவே. பாம்புக்கடிக்குரிய விஷமுறிவு மருந்து எந்த அலுமாரியில் இருக்கின்றது? அதன் திறப்பு யாரிடம்? இரவில் அம்புலன்சின் சாரதி எங்கே இருப்பார்? வயல் வேலைக் காலத்தில் இவற்றுக்கு விடை தெரியாதிருந்தால் ஓர் உயிர் போய்விடும். விடை கூறியவர்கள் பல்லாண்டு அங்கேயே கடமையாற்றிய தாதியரும் மருத்துவமாதருமே. புதிதாக வரும் வைத்தியருக்கு அவர்களே குருமார்.

எனினும் பெரிய ஆபத்து, நோயாளியின் பழைய வரலாறு நம் கைக்கு வராமையே. ஓரூரில் முதியவர் ஒருவரை உணர்விழந்த நிலையிற் கொண்டுவந்தனர். நீரிழிவுக்காரர். இரத்தத்திற் சீனி மிகக் குறைந்திருந்தது. மகள் கொண்டுவந்த பையில் இரண்டு பைக்கற்றுகள். ஒன்று ஆசுபத்திரியில் கொடுத்தது, மற்றது வெளியில் வாங்கியது. பெயர் வேறு, உள்ளிருந்த மருந்து ஒன்றே! இரண்டையும் பெரியவர் ஒழுங்காக விழுங்கியிருக்கின்றார். குளுக்கோசு ஏற்றியதும் கண் விழித்தார். அம்மருந்தின் வலு நெடுநேரம் நிற்குமாதலின், மறுநாளும் விடுதியில் வைத்துப் பார்த்தே அனுப்பினோம். அவருடைய கிளினிக் கொப்பியோ வீட்டுப் பெட்டகத்திற் பத்திரமாக இருந்தது!

ஆதலின், பதில் வைத்தியர் புறப்படுமுன் எழுதிவைக்கும் குறிப்பு அவர் கொடுத்த மருந்துக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. யாருக்கு எந்த மருந்தை மாற்றினோம், ஏன் மாற்றினோம், யாருடைய இரத்தப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை, யாருக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்பவற்றை எழுதாது போனால், நமக்குப்பின் வருபவர் இருட்டிலே நடக்க வேண்டியவராவார்.

1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் நம்மவர்க்குத் தமிழிலேயே மேலைநாட்டு வைத்தியம் கற்பித்தார். வைத்திய நூல்களைத் தமிழில் ஆக்கினார். 1873இல் அவர் தாயகம் திரும்பியபோது, நோயாளருக்கு அவருடைய மாணவர்கள் இருந்தனர். பிரிந்து செல்பவர் விட்டுச்செல்ல வேண்டியது எது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

2022இன் பொருளாதார நெருக்கடியை அடுத்து வைத்தியர் பலர் இந்நாட்டைவிட்டுச் சென்றனர். இன்று பார்ப்பவர் நாளை இருப்பார் என்னும் உறுதி சிற்றூர்களில் இல்லை. ஆகவே பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள்: கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டு செல்லுங்கள். பரியாரியாரிடம் வாங்கிய மருந்தையும் மறைக்காது சொல்லுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள்.

இளைஞர்களே, இன்றிரவே உங்கள் பாட்டன் பாட்டிமார் உட்கொள்ளும் மருந்துகளின் பெயர், அளவு, வேளை, ஒவ்வாத மருந்து ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அக்கொப்பியில் ஒட்டுங்கள். உங்களுள் நாளை வைத்தியராகவும் தாதியராகவும் போகிறவர்கள், இரண்டு வாரந்தானே என்று எண்ணாது, முன்னவர் எழுதியதைப் படித்துப் பின்னவருக்காக எழுதுங்கள். எத்தனை வைத்தியர் மாறினும் நோயாளி ஒருவரே அன்றோ?