கருப்பைக் கட்டியும் ஸ்கேன் தாளும்



இந்தக் கருத்தரங்கைத் திருச்சியில் வைத்திருந்தால் வந்துபோக எளிதாக இருந்திருக்கும் என்று சிலர் குறைபட்டுக்கொண்டார்கள். லப்பைக்குடிக்காட்டில்தான் நடத்த வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் உண்டு. பெரும்பாட்டால் அவதிப்படும் இவ்வூர்ப் பெண் வெள்ளாற்றைக் கடந்து திட்டக்குடிக்குப் போகிறார். அங்கே ஒரு ஸ்கேன். அடுத்துப் பெரம்பலூர், அங்கே இன்னொன்று. ஆபரேஷன் என்று பேச்சு எழுந்ததும் திருச்சி; அங்கே மறுபடியும். எல்லாத் தாளிலும் ஏறக்குறைய ஒரே வாசகம்: கருப்பை பருத்திருக்கிறது, நார்க்கட்டி இருக்கிறது, அறிகுறிகளோடு பொருத்திப் பார்க்கவும். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் கணவருக்கு அது வாட்ஸ்அப்பில் போகிறது. "கேன்சரா, இல்லையா?" என்று அவர் கேட்கிறார். நம் தாளில் அதற்கு விடை இல்லை. என்ன சிகிச்சை என்று முடிவெடுக்க மருத்துவருக்கும் அது போதவில்லை. ஆகவே புதுக் கருவிகளைப் பற்றிப் பேசாமல் இந்தத் தாளைப் பற்றியே பேசப்போகிறேன்.

மகளிர் மருத்துவத்தில் அல்ட்ராசவுண்டு ஸ்கேன் தொடங்கியதே வயிற்றுக் கட்டியில்தான். கிளாஸ்கோ நகரின் மகப்பேறு பேராசிரியர் இயான் டொனால்ட், 1955 ஜூலையில், அறுவையில் எடுத்த நார்க்கட்டிகளையும் சூலக நீர்க்கட்டிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு கொதிகலன் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றுக்குப் போனார். உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று ஒலியால் சோதிக்கும் கருவி அங்கே இருந்தது. திடக் கட்டி ஒருவிதமாகவும் நீர்க்கட்டி வேறுவிதமாகவும் எதிரொலித்தன. ஜான் மேக்விகார், பொறியாளர் டாம் பிரவுன் ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரை 1958இல் லான்செட் இதழில் வந்தது. இரைப்பைப் புற்று முற்றிவிட்டது, இனி செய்ய ஒன்றுமில்லை என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் வயிற்றில் இருந்தது பெரிய சூலக நீர்க்கட்டி என்று அந்தக் கருவி காட்டியது. அதை எடுத்தார்கள், அவர் பிழைத்தார். இன்றைய கண்ணுக்கு அந்தப் படங்கள் வெறும் புகை. ஆனால் நீரா, திடமா என்ற கேள்வி தெளிவாக இருந்தது. விடையும் தெளிவாகக் கிடைத்தது.

நம்மிடம் படம் தெளிவு, கேள்விதான் மங்கல். நார்க்கட்டியையே எடுத்துக்கொள்வோம். உலக மகப்பேறு மருத்துவக் கூட்டமைப்பான ஃபிகோ 2011இல் நார்க்கட்டிகளை இருக்குமிடத்தைப் பொறுத்து 0 முதல் 8 வரை வகைப்படுத்தியது. 0, 1, 2 ஆகியவை கருப்பையின் உள்ளறைக்குள் துருத்தி நிற்பவை. உதிரப்போக்குக்குப் பெரும்பாலும் இவையே காரணம். அளவும் இடமும் ஒத்துவந்தால் வயிற்றைக் கிழிக்காமல், கருப்பைக்குள் பார்க்கும் குழாயான ஹிஸ்டெரோஸ்கோப் வழியாகவே எடுத்துவிடலாம். வெளிச்சுவரில் தொங்கும் ஏழாம் வகைக்கும் பெரும்பாட்டுக்கும் பொதுவாகத் தொடர்பில்லை. தாளில் அந்த எண்ணை எழுதாமல் 'நார்க்கட்டி' என்று மட்டும் எழுதினால், படிக்கிறவர் என்ன செய்வார்? "பிள்ளை பெத்தாச்சு, கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்பார். பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் தேவையின்றிக் கருப்பை அகற்றிய வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டி வந்தது. அரைகுறை ஸ்கேன் தாளும் அந்தப் பாவத்தில் பங்கு உடையது என்பது என் கருத்து.

சூலகக் கட்டிக்கு நிலைமை இன்னும் நன்று. சூலகக் கட்டிகளை ஆராயும் பன்னாட்டுக் குழுவான ஐயோட்டா 2008இல் வெளியிட்ட எளிய விதிகள் பத்தே பத்து: தீங்கற்றதைக் காட்டும் அடையாளம் ஐந்து, புற்றைக் காட்டுவது ஐந்து. சாதாரண அல்ட்ராசவுண்டு கருவியே இதற்குப் போதும். விதிகளுக்குள் அடங்காத கட்டிக்கு மட்டும் எம்ஆர்ஐ. அதே எம்ஆர்ஐ, நார்க்கட்டியையும் கருப்பைத் தசைக்குள் பரவும் அடினோமயோசிஸையும் பிரித்துக் காட்டும். ஆனால் கருப்பைத் தசையில் வரும் அரிதான புற்றான சார்கோமாவை அறுவைக்கு முன் உறுதியாகச் சொல்ல எந்தப் படத்தாலும் முடியாது. ஐயம் எழுப்பத்தான் முடியும். அந்த ஐயத்தையும் தயங்காமல் எழுதுங்கள். கட்டியை உள்ளேயே துண்டாக்கி எடுக்கும் முறைக்கு எதிராக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2014இல் எச்சரித்தது, இப்படி மறைந்திருக்கும் சார்கோமா வயிற்றுக்குள் பரவிவிடக் கூடும் என்பதற்காகத்தான்.

இனி, படம் காட்டாத ஒன்று. "ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க" என்று நிம்மதியாக வீடு திரும்பும் பெண்ணின் கருப்பைவாயில் தொடக்கநிலைப் புற்று இருக்கலாம். ஸ்கேன் அதைக் காட்டாது. கருப்பைவாய்ப் புற்று எவ்வளவு பரவியிருக்கிறது என்று அளக்க எம்ஆர்ஐ சிறந்தது. 2018இல் ஃபிகோவும் படத்தை நிலை கணிப்பதில் சேர்த்துக்கொண்டது. கண்டுபிடிப்பது வேறு வேலை. திண்டுக்கல் மாவட்டத்தில் மருத்துவர் சங்கரநாராயணன் குழுவினர் நடத்திய ஆய்வில், கருப்பைவாயில் அசிட்டிக் அமிலக் கரைசலைத் தடவி வெறுங்கண்ணால் பார்த்தார்கள். சோதனை நடந்த பகுதிகளில் அந்தப் புற்றால் நேரும் இறப்பு 35 சதவீதம் குறைந்தது என்று 2007இல் லான்செட் எழுதியது. நம் தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெண்கள் உலகத்துக்குத் தந்த சான்று அது. கருப்பைவாயைப் பார்க்காமல், நார்க்கட்டிக்கென்று கருப்பையை எடுத்து, பிறகு நோய்க்கூறு அறிக்கையில் புற்று என்று வருவதைவிடக் கொடுமை வேறில்லை.

பிறப்புறுப்பு வழி ஸ்கேன் பற்றியும் ஒரு வார்த்தை. நெருக்கமாகப் பார்க்க அதுவே மேல். ஆனால் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லாமல், பெண் உதவியாளர் உடனில்லாமல் அதைச் செய்யக் கூடாது. மணமாகாதவர் என்றால் வயிற்றின் மேலேதான். அதற்கு மூத்திரப்பை நிறைய வேண்டும். தண்ணீரைக் குடிக்கச் சொல்லிவிட்டு மணிக்கணக்கில் பெஞ்சில் காக்கவைக்கும் வழக்கத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

பிற்பகல் அமர்வில் பெரம்பலூர், அரியலூர் இரு மாவட்டத்துக்கும் பொதுவாக ஒரு பக்க அறிக்கைப் படிவத்தை முடிவு செய்வோம். கட்டி எங்கே, எந்த வகை, ஐயம் உண்டா, அடுத்து என்ன என்பவை அதில் இருக்கட்டும். கடைசி வரியைத் தமிழில் எழுதுவோம். அனுப்பும் மருத்துவர்களிடமும் ஒரு வேண்டுகோள். சீட்டில் 'இடுப்பு ஸ்கேன்' என்று மட்டும் எழுதாதீர்கள். வயது என்ன, மாதவிடாய் நின்றுவிட்டதா, உதிரப்போக்கு எத்தனை நாளாக, கருப்பைவாய்ச் சோதனை ஆயிற்றா என்ற நான்கையும் எழுதி அனுப்புங்கள்.