அலைவரிசை பொதுச் சொத்து, நேரம் யாருக்கு?

(புனே நகரில் தமிழ்த் தோழர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



1972இல் மும்பையில் தூர்தர்ஷன் நிலையம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே சிங்ககட் கோட்டையில் நிறுவப்பட்ட அஞ்சல் கோபுரத்தின் வழியே அது புனே மக்களை எட்டியது. 1974இல் தூர்தர்ஷனின் பயிற்சிப் பிரிவு தில்லியிலிருந்து இந்நகரின் திரைப்பட, தொலைக்காட்சிக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தது. கோபுரமும் கல்லூரியும் மக்கள் வரிப்பணத்தில் எழுந்தவை. அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றமும் 1995இல் வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில் தீர்ப்பளித்தது. எனவே, தேர்தல் காலத்தில் அவற்றில் எந்தக் கட்சிக்கு எவ்வளவு நேரம் என்பது மக்களின் உரிமை பற்றிய கேள்வி.

இதற்கென ஓர் ஏற்பாடு உள்ளது. 1998 மக்களவைத் தேர்தலின்போது தேர்தல் ஆணையம் வகுத்த திட்டத்தின்படி, அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்குத் தூர்தர்ஷனிலும் அகில இந்திய வானொலியிலும் இலவச நேரம் உண்டு. ஒரு பகுதி சமமாகப் பகிரப்படுகிறது. எஞ்சியது முந்தைய தேர்தலில் பெற்ற வாக்குகளின் அடிப்படையில் அளிக்கப்படுகிறது. யார் எப்போது பேசுவது என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. ஒரே அமர்வில் எவருக்கும் 15 நிமிடங்களுக்கு மேல் இல்லை. பணமில்லாத கட்சியின் குரலும் நாடெங்கும் ஒலிக்க வழிசெய்த இந்த ஏற்பாட்டைக் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆனால் அதன் எல்லைகளையும் அறிந்திருக்க வேண்டும். அங்கீகாரம் போனால் நேரமும் சுருங்கும். 2023 ஏப்ரலில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி தேசியக் கட்சி என்னும் தகுதியை இழந்தபோது, தேசிய அலைவரிசையில் பேசும் உரிமையும் அதனோடு போயிற்று.

கிடைத்த நேரத்திலும் சுதந்திரமாகப் பேச இயலுவதில்லை. உரையை முன்கூட்டியே எழுதித் தந்து ஒப்புதல் பெற வேண்டும். பிற நாடுகளை விமர்சித்தல், மதங்களைத் தாக்குதல், வன்முறையைத் தூண்டுதல், நீதிமன்ற அவமதிப்பு, எவரையும் பெயர் சொல்லி விமர்சித்தல் ஆகியவற்றை விதிகள் தடுக்கின்றன. ஆட்சியை விமர்சிக்கலாகாது என்று அவற்றில் எங்கும் இல்லை.

எனினும் 2024 தேர்தலில் நிகழ்ந்தது என்ன? மார்க்சிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த தோழர் சீத்தாராம் யெச்சூரியின் உரையில் ‘வகுப்புவாத எதேச்சதிகார ஆட்சி’, ‘கொடுஞ்சட்டங்கள்’ ஆகிய சொற்களை நீக்கச் சொன்னார்கள். ஆட்சியின் ‘திவால்’ என்பதை ‘தோல்வி’ என்று மாற்றச் சொன்னார்கள். ஃபார்வர்டு பிளாக் தலைவர் தோழர் ஜி. தேவராஜன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைப் பற்றிப் பேசிய இடத்தில் ‘முஸ்லிம்கள்’ என்னும் சொல்லே கூடாது என்றார்கள். அச்சட்டத்தால் பாகுபாட்டுக்கு ஆளாவோர் யார் என்று சொல்லாமல் அதை எப்படி விமர்சிப்பது? இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. யெச்சூரியின் இந்தி உரை ஆங்கில உரையின் மொழிபெயர்ப்பே. அதில் எந்தக் குறையும் காணப்படவில்லை என்று அவரே சுட்டிக்காட்டினார். ஆங்கிலத்தில் விதியை மீறும் கருத்து இந்தியில் மீறாதென்றால், அங்கே செயல்பட்டது விதியன்று; அதிகாரிகளின் விருப்பு வெறுப்பே.

இது புதிதன்று. 2014 அக்டோபரில் ஆர்.எஸ்.எஸ். தலைவர் மோகன் பாகவத்தின் விஜயதசமி உரையைத் தூர்தர்ஷன் நேரலையாக ஒளிபரப்பியது. 2017இல் திரிபுரா முதலமைச்சர் தோழர் மாணிக் சர்க்காரின் சுதந்திர தின உரையைத் திருத்தினால்தான் ஒளிபரப்ப இயலும் என்றது. ஒரு சொல்லையும் மாற்ற அவர் மறுத்தார், உரை ஒளிபரப்பாகவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட முதலமைச்சருக்கு மூடிய கதவு, எத்தேர்தலிலும் நிற்காத ஓர் அமைப்பின் தலைவருக்குத் திறந்திருந்தது.

ஒதுக்கப்பட்ட நேரத்துக்கு வெளியே ஏற்றத்தாழ்வு இன்னும் பெரிது. 2019 மார்ச்சில் நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்தபின் ஏறத்தாழ ஒரு மாதத்தில் தூர்தர்ஷன் அலைவரிசைகள் பா.ஜ.க.வுக்குச் சுமார் 160 மணி நேரமும், காங்கிரசுக்கு 80 மணி நேரமும், மார்க்சிஸ்ட் கட்சிக்கு 8 மணி நேரமும் அளித்தன. எந்தக் கட்சிக்கும் சலுகை காட்டலாகாது என்று தேர்தல் ஆணையமே அறிவுறுத்த நேர்ந்தது. அதே தேர்தலில் நமோ டிவி என்னும் அலைவரிசை திடீரென முளைத்து, வாக்குப்பதிவு முடியும் தறுவாயில் மறைந்தது.

இன்று பெரும்பான்மை மக்கள் பார்ப்பவை தனியார் அலைவரிசைகள். 2003இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 39ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. கேபிள் தொலைக்காட்சியிலும் பிற மின்னணு ஊடகங்களிலும் கட்சிகளுக்கு நேரத்தை நியாயமாகப் பகிர்ந்தளிக்க அது வழிசெய்கிறது. நடைமுறையில் அது தூர்தர்ஷன், வானொலி என்னும் வாசலைத் தாண்டவில்லை. மறுபுறம், அரசியல் விளம்பரங்களுக்குக் கேபிள் விதிகளில் இருந்த தடை, முன்சான்று பெற்றால் போதும் என்று 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்ற ஆணையால் தளர்ந்தது. பகிர்வுக்கான சட்டம் உறங்கியது. விற்பனைக்கான சந்தை திறந்தது.

அச்சந்தையில் வாங்கும் வலிமை யாருக்கு? 2024இல் பெரிய மாநிலங்களின் மக்களவை வேட்பாளருக்குச் செலவு வரம்பு 95 லட்சம் ரூபாய். கட்சிகளுக்கு வரம்பே இல்லை. 2019 ஏப்ரலுக்குப் பின் தேர்தல் பத்திரங்கள் வழியே பா.ஜ.க. பெற்றது 6,000 கோடி ரூபாய்க்கும் மேல். இடதுசாரிக் கட்சிகள் பத்திரங்களை ஏற்க மறுத்தன; மார்க்சிஸ்ட் கட்சி வழக்கும் தொடுத்தது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அத்திட்டத்தை ரத்து செய்தது. ஆனால் அப்பணத்தால் கிடைத்த அனுகூலத்தை எத்தீர்ப்பும் திரும்பப் பெறவில்லை.

அமெரிக்காவின் 1934ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு வேட்பாளருக்கு நேரம் தரும் நிலையம் போட்டி வேட்பாளருக்கும் அதே வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது. ஆனால் அங்கே நேரம் விற்கப்படுவதால், சம வாய்ப்பு என்பது சம விலையில் வாங்கும் வாய்ப்பாகச் சுருங்குகிறது. பிரிட்டனோ தொலைக்காட்சியில் கட்டண அரசியல் விளம்பரத்தைத் தடைசெய்து, கட்சிகளுக்கு இலவச நேரம் அளிக்கிறது. இவை காட்டும் உண்மை ஒன்றே: பணத்தைக் கட்டுப்படுத்தாமல் கடிகாரத்தை மட்டும் சமப்படுத்தினால் சமத்துவம் பிறவாது.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. 39ஏ பிரிவு தனியார் அலைவரிசைகளுக்கும் விரிவாக்கப்பட வேண்டும். கட்சிகளின் செலவுக்கு வரம்பு வேண்டும். உரைகளை வெட்டும் அதிகாரி, எந்த விதியின்கீழ் வெட்டுகிறார் என்று எழுத்தில் தர வேண்டும். தேர்தல் கால ஒளிபரப்பு நேரக் கணக்கை வாரந்தோறும் வெளியிட வேண்டும்.

தோழர்களுக்கும் ஒரு பணி உண்டு. ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டத் தேர்தல் அதிகாரியின் தலைமையில் ஊடகச் சான்றளிப்பு, கண்காணிப்புக் குழு இயங்குகிறது. சான்று பெறாத விளம்பரத்தையும் செய்தி வேடத்தில் வரும் விளம்பரத்தையும் கண்டால், அலைவரிசையின் பெயர், நாள், மணி ஆகியவற்றைக் குறித்து அக்குழுவிடம் எழுத்தில் புகார் அளிக்க வேண்டும். வெறும் ஆவேசத்தை அதிகாரிகள் எளிதில் ஒதுக்கிவிடுவர்; தேதியும் மணியும் கொண்ட புகாருக்கு அவர்கள் விடை சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு கிளையும் இரண்டு தோழர்களை இப்பணிக்கென ஒதுக்கினால், அடுத்த தேர்தலில் நேரக் கணக்கு மக்களின் கையிலும் இருக்கும்.