தாத்தாவின் ஊரை எழுதி வையுங்கள்

(நமது சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வங்கியில் லெட்ஜர் எழுதியவன் என்பதால் பெயர்ப் பதிவேடு பற்றியே பேசுகிறேன்.

அமெரிக்காவில் 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களை எசமானரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் என்றே பெரும்பாலும் குறித்தார்கள். 1870-இல்தான் பெயர் ஏறியது. வேர் தேடும் பேரப்பிள்ளைகள் பலர் அந்த வருடத்தில் முட்டி நிற்கிறார்கள். அதற்கு முன்னே போக, வீட்டுப் பெரியவர்கள் சொன்ன கதைதான் துணை. பாட்டியிடம் கேட்ட கதைகளிலிருந்து தொடங்கித்தான் அலெக்ஸ் ஹேலி 1976-இல் 'ரூட்ஸ்' வெளியிட்டார்.

நம் பக்கம் பாருங்கள். 1860-இல் 'ட்ரூரோ' கப்பல் ஒப்பந்தக் கூலிகளோடு சென்னையிலிருந்து டர்பன் போனது. 1911-க்குள் நேட்டாலுக்குப் போன இந்தியர் ஒன்றரை லட்சத்துக்கு மேல். அவர்கள் அடிமைகள் அல்ல. பட்ட பாடு கொஞ்சமும் அல்ல. ஆனால் கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், ஊர், தாலுகா, ஜில்லா இருந்தன. அதை வைத்துத் தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் இன்றும் பூர்வீகம் தேடி வருகிறார்கள். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அன்று சேலம் ஜில்லா.

என் பாட்டியின் சித்தப்பா கண்டித் தோட்டத்துக்குப் போய்த் திரும்பவில்லை. பாட்டியோடு அவர் பெயரும் போய்விட்டது.

சிப்காட் வேலைக்காக எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் நாம். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று லிப்டிலேயே நான்கு மொழி கேட்கிறது. பிள்ளைகளைக் கேட்டால் சொந்த ஊர் ஓசூர் என்பார்கள். இந்த ஞாயிறு பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்: பெயர், தகப்பனார் பெயர், ஊர், தாலுகா, ஊரைவிட்ட வருடம். ஐந்தே கலம்தான். தேதி போட மறக்காதீர்கள்.