தாய்வழிச் சான்றும் ஆற்றங்கரைச் சீட்டும்



தலைமையுரை என்றால் துறையின் வரலாற்றை ஆதியிலிருந்து விரிப்பது வழக்கம். மதியத்துக்குள் ஐந்து கட்டுரைகள் படித்தாக வேண்டும் என்பதால் ஒரே ஓர் ஆமையின் வழக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சென்னை அரசு அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த ஹெண்டர்சன், கொச்சிக் காட்டில் கிடைத்த சிற்றாமை ஒன்றை 1912-இல் புதிய இனமாக அறிவித்தார். ஒரு சாண் நீளம்கூட வராத ஓடு, மஞ்சள் தலை, மூக்கு நுனியில் குங்குமம் தொட்டு வைத்ததுபோல் ஒரு சிவப்பு. குளத்தாமைகளின் குடும்பம்தான், ஆனால் வாழ்வதோ காட்டுச் சருகுக்குள். அதன் பிறகு எழுபது ஆண்டுகள் எந்த ஆய்வாளர் கண்ணிலும் அது படவில்லை. 1982-இல் காடர் பழங்குடியினர் துணையோடு அதை மீண்டும் கண்டவர் சென்னைப் பாம்புப் பண்ணையில் தொழில் கற்ற ஜெ. விஜயா. காட்டிலேயே தங்கி அதன் வாழ்க்கையைக் குறித்தார். 1987-இல், முப்பது வயதுகூட நிரம்பாமல், மறைந்தார்.

ஹெண்டர்சன் இதைச் சேர்த்த ஜியோஎமிடா பேரினத்தின் மற்ற உறுப்பினர்கள் இருப்பது தென்சீனம், வியட்நாம், ஒகினாவா பக்கம். தோற்ற ஒற்றுமையை நம்பிய முடிவு அது. 2006-இல் பிராஷாக், ஃபிரிட்ஸ் முதலியோர் மைட்டோகாண்ட்ரியாவின் சைட்டோகுரோம் பி மரபணுவைப் படித்தபோது அந்த உறவு நிற்கவில்லை. தனிப் பேரினம் அமைத்து, விஜயாகெலிஸ் என்று பெயரிட்டார்கள்.

ஒரு மரபணுவே இவ்வளவு சொல்லிற்று. இன்று மைட்டோகாண்ட்ரியாவின் முழு மரபணுத் தொகுதியையும் படிக்கிறோம்: ஆமைகளில் ஏறத்தாழ 16,500 கார இணைகள், 37 மரபணுக்கள். ஒரே செல்லில் நூற்றுக்கணக்கான பிரதிகள் இருப்பதால், அலமாரியில் கிடக்கும் பழைய எலும்பும் பறிமுதலான ஓட்டுத் துண்டும்கூடப் பேசும். அரிய உயிரைத் தேடிப் பிடித்து ஊசி குத்த வேண்டியதில்லை. பால் ஆமையைப் பாருங்கள். பனியூழிகளில் கடல் தாழ்ந்து நமக்கும் இலங்கைக்கும் தரைவழி இருந்தது. இருந்தும், இலங்கைப் பால் ஆமை தனி இனம் என்று 2011-இல் மைட்டோகாண்ட்ரியா காட்டிக்கொடுத்தது.

ஆனால் மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து வருவது; அது தருவது தாய்வழிச் சான்று மட்டுமே. தகப்பனைப் பற்றி வாய் திறக்காது. 1991-இல் வியாபாரிகள் கையிலிருந்து வந்த சீன ஆமை ஒன்றுக்கு மாரெமிஸ் ஐவர்சோனி என்று புது இனப் பெயர் சூட்டினார்கள். பிறகு பார்த்தால், அது இரண்டு வேறு பேரின ஆமைகளுக்குப் பிறந்த கலப்பு. கடையில் வாங்கிய ஆமைக்கு ஊர் கேட்டால் கடைக்காரர் சொன்னதுதான் ஊர்.

என் கவலை இதில்தான். வரிசைப்படுத்தும் இயந்திரம் இன்று யாருக்கும் எட்டும். எந்த நீரில் எடுத்தது என்ற சீட்டுதான் கிடைப்பதில்லை. உதாரணத்துக்கு, திருநெல்வேலிப் பக்கம் அனுமன் நதியைச் சேர்த்துக்கொண்டு கிழக்கே போகும் சிற்றாறு, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. மலைக்கு அந்தப்புறம் அச்சன்கோவில் ஆறு மேற்கே ஓடுகிறது. இரு பக்கத்துக் காராமைகளும் ஒரே தாய்வழியா என்று கேட்டால், 'திருநெல்வேலி' என்று மட்டும் எழுதிய குப்பியால் பதில் சொல்ல முடியாது.

பறிமுதலாகும் ஆமைகளை அருகிலுள்ள குளத்தில் விட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. எந்த ஆற்றுப் பிள்ளை என்று தெரியாமல் விட்டால், நாம் பிரித்தறியப் பாடுபடும் வழிகளை நாமே கலக்கிவிடுகிறோம். விடுவிக்குமுன் ஒரு திசு மாதிரி எடுத்துவைக்க வேண்டும். பால் ஆமை வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது, வனத்துறை அனுமதியின்றித் தொடக் கூடாதது. ஆகவே அந்த ஏற்பாடு அத்துறையின் வழியாகவே நடக்க வேண்டும். இதை மாநாட்டுத் தீர்மானமாக நாளை முன்வைக்கிறேன். குளத்துக் குத்தகை மீனவர்கள் மூவரைப் பின்வரிசையில் பார்க்கிறேன்; வலையில் ஆமை ஏறும் இடமும் மாதமும் அவர்களுக்குத்தான் தெரியும். விவாதத்தின்போது அவர்கள் முன்வரிசைக்கு வர வேண்டும்.

முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.