சொத்தையில்லாப் பல்லில் சீழ்

எனக்குப் பத்து நிமிடம்தான். நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

சொத்தை இல்லை, அடிபடவும் இல்லை. ஆனால் ஈறில் சீழ்க்கட்டி. இப்படி ஒருவர் நம் நாற்காலியில் வந்து உட்கார்ந்தால் என்ன செய்வோம்? எக்ஸ்ரே, ரூட் கேனால், பில்! ஆறு மாதம் கழித்து அவரே பக்கத்துப் பல்லோடு வருவார். அப்போதாவது அவரைக் கொஞ்சம் எழுந்து நடக்கச் சொல்லிப் பாருங்கள். குட்டை உருவம், வளைந்த கால், சின்ன வயதில் காலில் ஆபரேஷன் செய்த தழும்பு தெரிந்தால் எக்ஸ்.எல்.எச். என்று சந்தேகப்படுங்கள். வைட்டமின் டி-க்கு மசியாத ரிக்கெட்ஸ் என்று 1937-இல் ஃபுல்லர் ஆல்பிரைட் விவரித்தாரே, அந்த வகைதான். சுமார் 20,000 பேரில் ஒருவருக்கு வரும். எக்ஸ் குரோமோசோமில் பெக்ஸ் என்ற ஜீன் பழுது, அதனால் எஃப்.ஜி.எஃப். 23 ஹார்மோன் மிகுந்து, சிறுநீரகம் பாஸ்பேட்டை வெளியே கொட்டிவிடுகிறது.

பல்லைப் பாருங்கள். எனாமல் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். உள்ளே டென்டின் சரியாகக் கெட்டிப்படாமல் இடைவெளி விட்டிருக்கும். பூச்சு பளபளப்பு, செங்கல் வேகாதது என்கிற கதை. பற்கூழ் அறை பெரிசு. அதன் கொம்புகள் எனாமலை எட்டித் தொடும். மயிரிழை விரிசல் போதும், கிருமிக்கு ராஜபாட்டை.

என்னிடம் வந்த ஓர் அம்மாளுக்கு நாற்பது வயது. எட்டுப் பல் போயிருந்தது. உட்கார்ந்ததுமே, "நான் நல்லாத்தான் பல் தேய்க்கிறேன் டாக்டர்" என்றார். நான் கேட்கவே இல்லை! போன இடமெல்லாம் திட்டு வாங்கிய பழக்கம். வெளியே பெஞ்சில் மகள், லேசாக வளைந்த காலோடு. தாய்க்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தகப்பனுக்கு இருந்தால் மகள்கள் அத்தனை பேருக்கும் வரும், மகன்களுக்கு வராது. இருவருக்கும் ரத்த பாஸ்பேட் பார்க்க எழுதிக் கொடுத்தேன். இருவருக்கும் குறைவு. (குழந்தையின் அளவைப் பெரியவர் அளவோடு ஒப்பிட்டு 'நார்மல்' என்று எழுதும் லேப் உண்டு, ஜாக்கிரதை.)

பாஸ்பேட்டும் வீரியமுள்ள வைட்டமின் டி-யும் மகளுக்கு ஆரம்பமாயின. வளரும் பல்லுக்கு அது உதவும். முளைத்து முடிந்த பல்லின் டென்டினை எந்த மருந்தாலும் திரும்பக் கட்ட முடியாது, 2018-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்ற புரோசுமாப் ஊசியாலும்கூட. ஆகவே பெரியவர்களுக்கு நம் வேலைதான் பெரிசு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லுங்கள். விரிசலை ரெசின் வைத்து அடையுங்கள். எனாமலை வீணாக ராவாதீர்கள். ஈறு நோயும் இவர்களுக்கு அதிகம், அதை விடாதீர்கள். இம்பிளான்ட் வைக்கு முன் அவருடைய ஃபிசிஷியனிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.