அலமாரிக் கேமராவும் அசையாப் பொருள்களும்
(கற்றல் வளங்கள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



நேராக விஷயத்துக்கு வருகிறேன். பயிற்சித்தாள் ஒன்றில் நான்கு பயறு வகைகளின் படம் இருந்தது; பெயரை எழுத வேண்டும். மஞ்சள் விளக்கில் எடுத்த படம். பாசிப்பயறு பழுப்பாகத் தெரிந்தது. தட்டைப்பயறும் கொள்ளும் ஒரே அளவில் இருந்தன. வீட்டில் பயறு புடைத்துப் பழகிய பிள்ளைகள் தவறாக எழுதி மதிப்பெண் இழந்தார்கள். "படத்தைப் பார்த்து விடையளி" என்று நாம் கேட்கும்போது, அந்தப் படம் நிறத்திலும் அளவிலும் உண்மை சொல்ல வேண்டாமா?

இதற்கு லட்ச ரூபாய் கேமரா தேவை என்று பலரும் நினைக்கிறோம். விழாக்களுக்காக வாங்கி, பிறகு அலமாரியில் தூங்கும் சூப்பர்ஜூம் கேமராவே போதும் என்பது என் கருத்து. நிக்கான் பி900 போன்றவற்றைச் சொல்கிறேன். அதில் 83 மடங்கு ஜூம் உண்டு. நிலாவைப் பிடிக்கத்தான் எல்லோரும் அதைத் தேடுகிறார்கள். நமக்கு அந்த ஜூமில் பெரும்பகுதி தேவையே இல்லை.

இந்தக் கேமராக்களின் பலவீனத்தை முதலில் பார்ப்போம். இவற்றின் சென்சார் சுமார் 6.2 மி.மீ. அகலம், 4.6 மி.மீ. உயரம்தான். முழுச்சட்டக் கேமராவின் சென்சார் 36க்கு 24 மி.மீ.; பரப்பில் ஏறத்தாழ 30 மடங்கு. சின்னச் சென்சாருக்கு வெளிச்சம் குறைவாகக் கிடைப்பதால், ஐஎஸ்ஓவைக் கூட்டினால் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும். ஓடும் குழந்தையை மாலையில் எடுத்தால் தோற்றுப்போவோம். ஆனால் நெல்மணி ஓடாது. ஐஎஸ்ஓவை 100இல் நிறுத்தி, முக்காலியில் வைத்து, ஒரு விநாடி வரைகூட ஷட்டரைத் திறந்து வைக்கலாம். இரைச்சல் பிரச்சினை அங்கேயே பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. பொத்தானை அழுத்தும் அதிர்வு படத்தில் விழாமலிருக்க 2 விநாடி செல்ஃப் டைமர். முக்காலியில் இருக்கும்போது அதிர்வு குறைப்பு வசதியை அணைத்துவிடுங்கள். மின்விசிறியையும்தான், இலை ஆடும்.

இதே சின்னச் சென்சார் நமக்கு ஒரு நன்மையும் செய்கிறது. இதில் எஃப்/4 துளையில் கிடைக்கும் முன்பின் தெளிவு, முழுச்சட்டக் கேமராவில் ஏறத்தாழ எஃப்/22க்குச் சமம். பின்னணி கலங்கி அழகாக வரவேண்டும் என்று நினைக்கும் விளம்பரப் படக்காரருக்கு இது குறை. பூவின் இதழும் சூலகமும் ஒருசேரத் தெளிவாக வேண்டிய நமக்கு இது வரம். துளையை எஃப்/8 வரை சுருக்காதீர்கள். விளிம்பு விளைவால் நுட்பங்கள் மழுங்கும்.

எல்லோரும் செய்வது, மேக்ரோவைப் போட்டுப் பொருளின் மேல் லென்சை ஒட்டவைப்பது. கேமராவின் நிழலே பொருளின் மேல் விழும். பானையின் வயிறு உப்பி, வாய் சுருங்கித் தெரியும். பின்னால் நகர்ந்து, ஒன்றரை மீட்டர் தொலைவில் நின்று, ஜூமை 100 மி.மீ. அளவுக்குக் கொண்டுவாருங்கள். உருவம் இயல்பாக வரும். முழு ஜூமுக்குப் போனால் பல மீட்டர் தள்ளி நின்றால்தான் ஃபோகஸ் ஆகும். விதை போன்ற சிறு பொருளுக்கு, லென்சின் முன்வளையத்தில் மரை உள்ள கேமராவானால், +2 திறனுள்ள க்ளோஸ்-அப் லென்சைத் திருகலாம். பத்தாம் வகுப்பு ஒளியியல்தான்: குவியத் தொலைவு அரை மீட்டர். எனவே கேமரா வெகுதொலைவுக்கு ஃபோகஸ் ஆகியிருக்கும்போதும் அரை மீட்டரில் உள்ள விதை தெளிவாகும்.

வெளிச்சத்துக்கு ஜன்னல் போதும். ஃபிளாஷ் வேண்டாம். நேர் வெயில் விழாத ஜன்னலோரம் மேசையைப் போட்டு, எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் நிழல் மென்மையாகும். அறை விளக்குகளை அணைத்துவிட்டு, அதே இடத்தில் ஒரு வெள்ளைத் தாளைக் காட்டி ஒயிட் பேலன்சை அமையுங்கள். சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: கீழடியில் கிடைத்தவை போன்ற, கீறல் எழுத்துள்ள பானை ஓடுகளுக்கு ஒளி பக்கவாட்டில் தாழ்வாகப் படவேண்டும். அப்போதுதான் கீறலுக்குள் நிழல் விழுந்து எழுத்து எழும். அங்கே தெர்மாகோலை எடுத்துவிடுங்கள். (அருங்காட்சியகத்தில் எடுப்பதானால் அனுமதி கேட்டபிறகே.)

அளவுகோலை மறக்கவே கூடாது. சென்டிமீட்டர் பட்டை ஒன்றைப் பொருளின் அதே மட்டத்தில், அதே தொலைவில் வையுங்கள். பத்து ரூபாய் நாணயம் 27 மி.மீ. விட்டம் உடையது, அவசரத்துக்கு உதவும். ஆனால் பளபளக்கும்.

அச்சுக்குத் தாங்குமா என்று கேட்பீர்கள். 12 மெகாபிக்சல் படம் 4000க்கு 3000 புள்ளிகள். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் 13 அங்குலத்துக்கு 10 அங்குலம் வரும். ஏ4 பக்கம் அதற்குள் அடங்கிவிடும். பட்டுத்துணியின் இழை போன்ற மிக நுண்ணிய வேலைகளில் பெரிய கேமராவின் தெளிவு இதில் வராது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மதிய அமர்வுக்கு மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் கொண்டுவந்திருக்கிறேன். கவுனியை வெள்ளைத் தாளில் வைத்தால் வெறும் கரும்புள்ளியாகத்தான் வரும். சாம்பல் நிற அட்டையில் வைத்துப் பாருங்கள். ஜன்னலோரம் நான்கு மேசைகள் இருக்கின்றன. மூன்று மணிக்குமேல் இந்தப் பக்கம் நேர் வெயில் வந்துவிடும். அதனால் சாப்பிட்டதும் வந்துவிடுங்கள்.