இடுக்கில் மாட்டிய ஸ்குருவுக்கு எந்தத் திருப்புளி?

(விவசாயிகளுக்கான வானொலிப் பேச்சு)



நம்ம காரைக்கால் பகுதி காவிரியின் கடைமடை. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ஆம் தேதி திறந்தாலும், அந்தத் தண்ணீர் அரசலாறு, நாட்டாறு, நூலாறு என்று பிரிந்து நம்ம வாய்க்காலுக்கு வந்து சேர நாளாகும். அணை திறப்பே தள்ளிப் போகிற வருஷமும் உண்டு. அதனால் போர் உள்ளவர்கள் அந்தத் தண்ணீரை நம்பித்தான் குறுவைக்கு நாற்றங்கால் விடுகிறார்கள். போர் தண்ணீர் வேண்டுமென்றால் மோட்டார் ஓட வேண்டும். மோட்டார் ஓட வேண்டுமென்றால் ஸ்டார்ட்டர் பெட்டி சரியாக இருக்க வேண்டும். அந்தப் பெட்டியில் கைக்கு எட்டாத இடுக்கில் இருக்கிற ஸ்குருவை எப்படி முடுக்குவது, அதற்கு எந்தத் திருப்புளி வாங்குவது என்பதுதான் இன்றையப் பேச்சு.

திருப்புளிக்கு ஒரு பேச்சா என்று சிலர் சிரிக்கலாம். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். இந்தத் துரும்பு மோட்டார் காயிலையே காப்பாற்றும்.

ஒரு ஸ்குரு தளர்ந்தால் என்ன ஆகும்?

மூன்று பேஸ் மோட்டாருக்கு மூன்று கம்பி வழியாகக் கரண்டு போகிறது. அதில் ஒரு கம்பியைப் பிடித்திருக்கிற ஸ்குரு தளர்ந்தால் அந்த இடம் சூடாகும். கம்பியின் மேல் உறை கருகும். கடைசியில் அந்த ஒரு பேஸ் அறுந்து போகும். மிச்சம் இரண்டு பேஸில் மோட்டார் ஓடப் பார்க்கும். கரண்டு அதிகமாக இழுக்கும். நின்ற மோட்டாரைப் போட்டால் சுற்றாமல் உறுமும். ஓவர்லோடு ரிலே சரியாக வைத்திருந்தால் வெட்டிவிடும். அது வேலை செய்யாவிட்டால் காயில் எரிந்துவிடும். திரும்பக் காயில் கட்டச் சில ஆயிரம் செலவு. அது போகட்டும் என்றாலும், மோட்டார் கடையில் கிடக்கிற நாலைந்து நாளில் நாற்றங்கால் வெடித்துவிடுமே!

ஸ்குரு ஏன் தளர்கிறது? மோட்டார் ஓடுகிற அதிர்வு ஒரு காரணம். அலுமினியக் கம்பி இன்னொரு காரணம். அலுமினியம் மெதுவான உலோகம். ஸ்குருவின் அழுத்தத்தில் அது நாளாவட்டத்தில் நசுங்கிக் கொடுக்கும், பிடி தளரும். மூன்றாவது, நம்ம கடற்கரைக் காற்று. உப்புக் காற்று பட்ட ஸ்குருவும் வாஷரும் பூத்துப் போகும். ஆகவே வருஷத்துக்கு இரண்டு தடவை, குறுவைக்கு முன்னால் ஒரு தடவையும், ஐப்பசி கார்த்திகை அடைமழை முடிந்து ஒரு தடவையும், எல்லா முனைகளையும் பார்த்து முடுக்கிவிட வேண்டும்.

முடுக்கலாம் என்று போனால் கை போகாது. ஸ்டார்ட்டர் பெட்டியை மோட்டார் கொட்டகையின் மூலையில் மாட்டியிருப்போம். ரிலேக்குக் கீழே இருக்கிற வரிசை கம்பிகளுக்குள்ளே மறைந்திருக்கும். மோட்டாரின் மேலே உள்ள கனெக்‌ஷன் பெட்டி சுவரைப் பார்த்தபடி இருக்கும். நீளத் திருப்புளியைச் சாய்த்துக் கொடுத்தால் ஸ்குருவின் வெட்டில் அரைகுறையாகப் பிடித்து வழுக்கும். நாலு தடவை வழுக்கினால் தலை மழுங்கிப் போகும். அப்புறம் எந்தத் திருப்புளி வந்தாலும் பிரயோஜனமில்லை. பவர் ஸ்பிரேயரிலும் இதே கதைதான். டேங்குக்கும் என்ஜினுக்கும் நடுவில் கார்புரேட்டரைப் பிடித்திருக்கிற ஸ்குருவுக்குத் திருப்புளியை நேராக வைக்க இடமே இருக்காது.

மூன்று வகை

இப்படிப்பட்ட இடத்துக்கு மூன்று வகைத் திருப்புளி உண்டு.

முதலாவது, குட்டைத் திருப்புளி. கைப்பிடியும் கம்பியும் சேர்ந்து நாலு விரல்கடை நீளம்தான். ஸ்குருவுக்கு எதிரே ஒரு கையை நுழைக்க இடமிருந்தால் இதுவே போதும். வேறு செலவு வேண்டாம்.

இரண்டாவது, வளைந்த திருப்புளி. ஒரே இரும்புக் கம்பியின் இரண்டு முனையையும் மடக்கித் தட்டியிருப்பார்கள். பல்லும் கிடையாது, விசையும் கிடையாது. கெட்டுப் போவதற்கே ஒன்றுமில்லை. ஆனால் ஒரு சங்கடம். கால் சுற்றுத் திருப்பியதும் வெளியே எடுத்து மறுபடி வைக்க வேண்டும். கால் சுற்றுக்கும் இடமில்லாத மூலையில் இது நின்றுவிடும்.

மூன்றாவது, ராட்செட் வைத்த வளைந்த திருப்புளி. பார்வைக்குச் சின்ன ரிங் ஸ்பேனர் மாதிரி தட்டையாக இருக்கும். அதன் தலையில் உள்ள ஓட்டையில் குட்டையான பிட்டைச் செருக வேண்டும். முன்னால் தள்ளினால் ஸ்குரு திரும்பும், பின்னால் இழுத்தால் டிக் டிக் என்று பல் தாண்டி வரும், ஸ்குரு அசையாது. பிட்டை எடுக்காமலே முன்னும் பின்னும் ஆட்டி வேலையை முடிக்கலாம். ரொம்ப இடுக்குக்கு இதுதான்.

கடைக்குப் போகுமுன்

முதலில் இடத்தை அளக்க வேண்டும். மெயினை நிறுத்திவிட்டு, விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, ஸ்குருவின் தலைக்கும் எதிரே உள்ள சுவர் அல்லது தகட்டுக்கும் நடுவே வைத்து அந்த அளவுக்கு ஒடித்துக்கொள்ளுங்க. ஒடித்த ஈர்க்கைக் கடைக்குக் கொண்டு போங்க. திருப்புளியில் பிட்டைப் போட்டு, பிட்டின் நுனியிலிருந்து தலையின் முதுகு வரைக்கும் ஈர்க்கை வைத்துப் பாருங்க. திருப்புளி ஈர்க்கைவிடக் குட்டையாக இருக்க வேண்டும். இந்த ஒரு அளவு தப்பினால் மற்றது எல்லாம் நல்லதாக இருந்தும் அது உங்களுக்கு உதவாது.

இரண்டாவதாக, பல் எண்ணிக்கை. ஒரு முழுச் சுற்று 360 டிகிரி. 24 பல் உள்ள ராட்செட்டை 15 டிகிரி ஆட்டினால்தான் அடுத்த பல் பிடிக்கும். 36 பல் என்றால் 10 டிகிரி. 72 பல் என்றால் 5 டிகிரி போதும். பிடியின் நீளம் 10 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 15 டிகிரிக்குப் பிடியின் நுனி இரண்டரை செ.மீ. நகர வேண்டும், 5 டிகிரிக்கு ஒரு செ.மீ.கூட வேண்டாம். இடம் எவ்வளவு குறைவோ அவ்வளவு பல் அதிகம் வேண்டும். கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. ஒரு சுற்று சுற்றி டிக் சத்தத்தை எண்ணிப் பாருங்க. பல் நெருக்கமானால் பல்லும் பொடியாக இருக்கும்; முரட்டு வேலைக்கு ஆகாது என்பதையும் நினைவில் வையுங்க.

மூன்றாவதாக, பின்னால் வரும்போது லேசாக வர வேண்டும். பிட்டை இரண்டு விரல் நுனியால் மெல்லப் பிடித்துக்கொண்டு பிடியைப் பின்னால் இழுங்க. பிட் விரலோடு நின்றால் நல்லது. விரலையும் இழுத்துக்கொண்டு திரும்பினால், பாதி கழன்ற ஸ்குருவை அது முன்னும் பின்னும் ஆட்டுமே தவிர கழற்றாது.

நாலாவதாக, திசை மாற்றும் விசை. சிலவற்றில் சின்ன நெம்பு இருக்கும். அது முதுகில் துருத்திக்கொண்டிருந்தால் சுவரில் உரசித் தானாக மாறிவிடும். பக்கவாட்டில் அழுத்தமாக உட்கார்ந்த நெம்புதான் நல்லது. சிலவற்றில் நெம்பே கிடையாது. திருப்புளியைப் புரட்டிப் போட்டால் திசை மாறும். இடுக்குக்கு அதுவும் வசதிதான்.

ஐந்தாவதாக, பிட் விழாமல் பிடிக்க வேண்டும். காந்தமோ சின்னக் குண்டு விசையோ வைத்திருப்பார்கள். பிட்டைக் கீழ்ப்பக்கம் பார்க்கப் பிடித்து உதறிப் பாருங்க. விழுந்தால் வாங்காதீங்க. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் விழுந்த பிட் இரண்டு பேஸை இணைத்துவிட்டால் பெட்டியே வெடித்துவிடும். வேலையை ஆரம்பிக்கும்போது பிட்டுகளை எண்ணி வைத்து, முடித்ததும் எண்ணிய பிறகே மெயினைப் போட வேண்டும்.

பிட் பொருத்தம்

ஓட்டை கால் அங்குல ஆறு பட்டை அளவில் இருக்கட்டும். அந்த அளவுப் பிட் நல்ல ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். ஸ்டாரில் 1, 2, 3 நம்பர் வேண்டும். அதிகம் உதவுவது 2. பட்டை பிட்டில், அகலம் ஸ்குரு வெட்டின் நீளத்துக்குச் சமமாக இருப்பது நல்லது. சின்னப் பிட்டை வைத்து முறுக்கினால் வெட்டுத்தான் கெடும்.

ஜப்பான் தயாரிப்பு நடவு மெஷின், என்ஜின் வைத்திருப்பவர்கள் ஒன்று கவனியுங்க. ஸ்டார் ஸ்குருவின் தலையில் ஒரு சின்னப் புள்ளி குத்தியிருந்தால் அது ஜப்பான் அளவு. நம்ம சாதாரண ஸ்டார் பிட் அதில் முழுதாக இறங்காது; அழுத்தித் திருப்பினால் மேலே ஏறி வழுக்கும். அதற்கு ஜப்பான் அளவுப் பிட்டைத் தனியாகக் கேட்டு வாங்குங்க.

பலம் பார்த்துத் திருப்புங்க

இந்தத் திருப்புளியில் ஒரு ஆபத்தான சௌகரியம் இருக்கிறது. சாதாரணத் திருப்புளியின் கைப்பிடி 3 செ.மீ. தடிமன் என்றால், நம்ம பலம் நடுவிலிருந்து ஒன்றரை செ.மீ. தூரத்தில் வேலை செய்கிறது. இதிலோ 10 செ.மீ. தூரத்தில். அதே பலத்துக்கு ஆறு மடங்குக்கு மேல் முறுக்கு ஏறும். ஸ்டார்ட்டரில் இருக்கிற சின்னப் பித்தளை ஸ்குரு அதைத் தாங்காது, முறிந்துவிடும். ஆகவே பிடியின் நுனியைப் பிடிக்காமல், தலைக்குப் பக்கத்தில் இரண்டு விரலால் பிடித்து முடுக்குங்க. இன்னொரு கையின் கட்டை விரலால் தலையின் முதுகை ஸ்குருவை நோக்கி அழுத்திக்கொண்டே திருப்புங்க. வளைந்த திருப்புளி வழுக்குவதற்குக் காரணம் இந்த அழுத்தம் இல்லாததுதான்.

துருப்பிடித்து இறுகிய ஸ்குருவை ராட்செட் வைத்துக் கிளப்பாதீங்க, பல் உடைந்துவிடும். என்ஜின், ஸ்பிரேயர் ஸ்குருவாக இருந்தால், துரு இளக்கும் எண்ணெயை விட்டு, ஒரு ராத்திரி ஊற வைத்து, தலையில் லேசாகத் தட்டி, பல் இல்லாத வளைந்த திருப்புளியால் முதல் சுற்றைக் கிளப்புங்க. அப்புறம் ராட்செட்டைப் போடலாம். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் எண்ணெய் எதுவும் விடக்கூடாது. அங்கே துருப்பிடித்த ஸ்குருவை மாற்றிவிடுவதே மேல்.

உயிர் முக்கியம்

பெருமக்களே, இனிச் சொல்வதைக் கவனமாகக் கேளுங்க. இந்தத் திருப்புளி பெரும்பாலும் முழு இரும்பு. பிடியில் ரப்பர் உறை இருந்தாலும் கரண்டைத் தடுக்கும் என்று நம்பக் கூடாது. மின்சார வேலைக்கென்று சோதித்த கருவியில் 1000 வோல்ட் என்ற குறியும் இரட்டை முக்கோணமும் இருக்கும். அது இல்லாத கருவியைக் கரண்டு உள்ள இடத்தில் நீட்டவே கூடாது. அந்தக் குறி இருந்தாலும் நம்ம வேலைக்கு மெயினை நிறுத்துவதுதான் முறை.

ஸ்டார்ட்டரில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மோட்டார்தான் நிற்கும். பெட்டிக்குள் வருகிற கம்பியில் கரண்டு இருந்துகொண்டே இருக்கும். மெயினை இறக்குங்க. மூன்று பியூஸ் கட்டையையும் உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்க. இப்போது பலர் ஆட்டோ சுவிட்சும் செல்போன் ஸ்டார்ட்டரும் வைத்திருக்கிறீர்கள். பியூஸ் கட்டை உங்கள் பையில் இல்லாவிட்டால், நின்ற கரண்டு வந்ததும் மோட்டார் தானாகவே கிளம்பும்; இல்லையென்றால் வீட்டிலிருக்கிற பிள்ளை விவரம் தெரியாமல் போனை அழுத்திவிடும். கை உள்ளே இருக்கும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

டெஸ்டரை முதலில் கரண்டு உள்ள ஒரு பிளக்கில் வைத்து, எரிகிறதா என்று பாருங்க. பிறகு பெட்டியில் ஒவ்வொரு முனையாகத் தொட்டுப் பாருங்க. கெபாசிட்டர் இருந்தால் ஐந்து நிமிஷம் பொறுங்க. மெயினை நிறுத்திய பிறகும் அது கரண்டைத் தேக்கி வைத்திருக்கும். காலில் காய்ந்த செருப்பு, காலுக்கடியில் காய்ந்த பலகை வேண்டும். ஈரக் கை வேண்டாம். மீட்டர் பக்கமும் கம்பம் பக்கமும் நம்ம வேலை இல்லை. எதிலாவது சந்தேகம் வந்தால் லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்க. திருப்புளியை அவர் கையில் கொடுத்தாலும் வேலை நடக்கும். கூலியைப் பார்த்து உயிரை வைத்து விளையாடாதீங்க.

பாதுகாப்பு

திருப்புளியை மோட்டார் கொட்டகையில் ஆணியில் மாட்டி வைக்காதீங்க. உப்புக் காற்றில் உள்ளே இருக்கிற பல் துருப்பிடித்துவிடும். துணியால் துடைத்து, தலைக்குள் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டு, மூடி உள்ள டப்பாவில் போட்டு வீட்டில் வையுங்க. ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம். எண்ணெய் வழிந்தால் புழுதி ஒட்டும். மின்சார வேலைக்கு எடுக்குமுன் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்துவிடுங்க.

இன்னொரு யோசனை. ஆளுக்கொன்று வாங்க வேண்டும் என்பதில்லை. பக்கத்துப் பக்கத்துக் கொல்லைக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு குட்டைத் திருப்புளி, ஒரு வளைந்த திருப்புளி, ஒரு ராட்செட், அதற்கு வேண்டிய பிட்டுகள் என்று வாங்கி ஒரு டப்பாவில் போட்டு வைக்கலாம். பிட்டை எண்ணி வாங்கி எண்ணிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

குறுவைக்கு விதை ஊறப்போடுகிறதற்கு முந்தின வாரமே மெயினை நிறுத்தி, பியூஸ் கட்டையைப் பையில் போட்டுக்கொண்டு, ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பாருங்க. கருகின கம்பி தெரிந்தால் வெட்டிப் புதிதாகச் சீவி இணையுங்க. தளர்ந்த ஸ்குருவை முடுக்குங்க. வாய்க்காலில் தண்ணீர் வந்து சேருகிற வரைக்கும் உங்கள் நாற்று பச்சையாக இருக்கும்.